அன்று அவையில் இல்லாதவர்

சட்டசபை கூடுகிற நாட்களில் கார்குழலி வீட்டுச் சமையல் ஒரு குழம்போடு நின்றுவிடும். அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி, பாலத்து நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஊருக்குள் இறங்கி, பூங்காவைச் சுற்றி நடந்து போய், சட்டசபை வாசலில் பையையும் போனையும் ஒப்படைத்துவிட்டு மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார வேண்டும். உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால் அவள் வந்திருக்க வேண்டும். அவர்கள் போன பிறகுதான் அவள் போகலாம். வேலை அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அவள் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தாள். பத்திரிகை முதலாளிகள் புதுச்சேரிப் பதிப்பை மூடிவிட்டுப் போனபோது, கூட வேலை பார்த்த கோபிநாத்தும் அவளும் சேர்ந்து ஓர் இணையதளம் தொடங்கினார்கள். எந்த எம்.எல்.ஏ. சபைக்கு வந்தார், எவர் வரவில்லை, எந்தத் தீர்மானத்துக்கு யார் எழுந்து நின்றார், யார் அந்த நேரம் பார்த்து நழுவினார் என்பதை அதில் போடுவார்கள். பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற சாக்கில் வீட்டுக்கே போய்விடுகிறவர்கள் உண்டு. அதனால் கார்குழலி பதிவேட்டைக் கேட்பதில்லை. நாற்காலியைப் பார்ப்பாள், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று குறித்துக்கொள்வாள்.

“டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க” என்று கீழேயிருந்து யாராவது ஒரு உறுப்பினர் மாடத்தைப் பார்த்துச் சொல்வார். இரண்டு பக்கத்து வரிசையும் சிரிக்கும். கட்சி பேதம் இல்லாமல் அவர்கள் ஒன்றாகச் சிரிப்பது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

தொடங்கிய புதிதில் அவளுக்கு ரோஷம் இருந்தது. போகப்போக அதுவும் தேய்ந்தது. இணையதளத்தைப் பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவள் கணவன் சிலம்பரசன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவன். “நீ எழுதறத நானும் கோபிநாத்தும்தான் படிக்கிறோம். அதுலயும் எனக்குப் பாதியில தூக்கம் வந்துடுது” என்பான். குத்திக் காட்டிச் சொல்கிறவன் இல்லை. அவள் படுகிற பாட்டைப் பார்த்து வருகிற பேச்சு.

ஆவணி மாதக் கூட்டத்தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது.

எதிர்க்கட்சியைச் சேர்ந்த விஜயராகவன் என்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். செட்டித்தோட்டம் தொகுதியில் பல வருஷமாக மூடிக்கிடக்கும் மில்லின் நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது, மில் லைனில் பட்டா இல்லாமல் வாழும் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கே அதை மனையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது தீர்மானம். இந்த மாதிரித் தீர்மானங்களை ஆளுங்கட்சி வரிசை ஒரே சத்தத்தில் அமுக்கிவிடும். அன்று வரிசையில் பாதி பேர் இல்லை. யாரோ பெரிய இடத்துக் கல்யாணம், காரைக்காலில். இதைக் கவனித்துவிட்ட எதிர்க்கட்சியினர், குரல் வாக்கெடுப்பு வேண்டாம், ஆளை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுங்கள் என்று பிடிவாதமாக நின்றார்கள்.

எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் ஓட்டைத் தீர்மானத்துக்கு எதிராகப் போட்டார். தீர்மானம் விழுந்தது.

மாடத்தில் கார்குழலிக்குப் பக்கத்தில் மில் லைனிலிருந்து வந்த சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சாமிக்கண்ணு என்கிற பெரியவர், காது சரியாகக் கேட்காததால் அவள் பக்கம் குனிந்தார்.

“இன்னாம்மா, ஜெயிச்சிடுச்சா?”

“இல்லீங்க. ஒரு ஓட்டுல போச்சு.”

“நம்ம எம்மெல்லே எங்க? அவரக் காணுமே.”

கார்குழலி அந்த நாற்காலியை ஏற்கெனவே பார்த்திருந்தாள். செட்டித்தோட்டம் உறுப்பினர் அன்பழகன் ஆளுங்கட்சிக்காரர்தான். ஆனால் அந்த மில்லிலேயே தறி ஓட்டியவர், சங்கத்தில் இருந்தவர். தேர்தலுக்குத் தேர்தல் மில் லைன் முனையில் நின்று, “இந்த மண்ணு உங்க மண்ணு” என்று சொல்லி ஓட்டு வாங்கியவர். அந்த ஒரு ஆள் வந்து தீர்மானத்துக்கு எழுந்து நின்றிருந்தால் அது நிறைவேறியிருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் எழுதியது ஒரே வரி: ‘செட்டித்தோட்டம் உறுப்பினர் அன்பழகன் வாக்கெடுப்பின்போது அவையில் இல்லை.’ கண்டனமோ கேள்வியோ எதுவும் சேர்க்கவில்லை. எல்லாருக்கும் எப்படி எழுதுவாளோ அப்படித்தான் அவருக்கும் எழுதினாள்.

அந்த வரி வாட்ஸப்பில் கிளம்பி ஊரைச் சுற்றியது. மறுநாள் விடிந்ததும் மில் லைன் பெண்கள் அன்பழகன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ கல் எறிந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ‘துரோகி’ என்று சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். கோபிநாத் கால் தரையில் படாமல் நடந்தான். “அக்கா, நம்ம சைட்டு படுத்துடுச்சு! அவ்ளோ பேர் பாக்கறாங்க” என்றான். இத்தனை வருஷ உழைப்புக்கு இன்றைக்காவது பலன் கிடைத்ததே என்று அவளுக்கும் இருந்தது. அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைக்கும்தான் நீடித்தது.

திங்கட்கிழமை, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அவர்களுடைய அறைக்கு ஒரு பெண்மணி படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபிநாத் அப்போது வெளியே போயிருந்தான்.

“எம்மெல்லே வரலன்னு எழுதுன பொண்ணு நீதானா?”

“ஆமாம்மா. உக்காருங்க.”

“உக்கார வரல. அத எடுத்துடு.”

அவள் பெயர் சின்னப்பொண்ணு. மில் லைனில் கடைசி வீடு. அன்பழகனுடைய கட்சி ஆள்கள் அனுப்பி வந்திருக்கிறாள் என்றுதான் கார்குழலி நினைத்தாள். அப்படி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்துப் பேசி அனுப்பிவிடலாம் என்று பாட்டிலை எடுத்தாள்.

“அன்னிக்கு அவரு எங்க இருந்தாருன்னு தெரியுமா உனக்கு? என் பொண்ணுகூட ஆஸ்பத்திரில இருந்தாரு” என்றாள் சின்னப்பொண்ணு. சொன்னவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. அவள் மகள் கலைவாணி ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். புடவை காணவில்லை என்று எல்லார் முன்னாலும் அவள் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பையில் ஒன்றும் இல்லை. இருந்தும் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், பெண் விஷத்தைக் குடித்துவிட்டாள். தெருவில் கார் இருப்பது அன்பழகன் வீட்டில்தான். சட்டசபைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தவர், அப்படியே பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டரிடம் பேசினார். போலீஸ்காரரிடம் பேசினார். பொழுது சாயும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணு இப்ப எப்படி இருக்கா?”

“பொழைச்சிக்கிட்டா. அவரு புண்ணியம்.”

“அப்போ இதையே எழுதிடறேம்மா. அவர் எங்க இருந்தார்னு தெரிஞ்சா ஜனங்க கோவம் அடங்கிடும்.”

சின்னப்பொண்ணு பதறி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, அத மட்டும் செஞ்சிடாத. தையில கல்யாணம் வெச்சிருக்குது. அவளே ஆசப்பட்ட பையன், கடலூருக்காரன். மருந்து குடிச்சான்னு தெரிஞ்சா அவங்க வூட்ல இன்னா சொல்வாங்களோ. ஒருத்தருக்கும் தெரியாது. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கோம்.”

“அப்போ நான் என்னம்மா எழுதறது?”

“வந்தாருன்னு எழுது.”

“வரலியேம்மா.”

சின்னப்பொண்ணு பிடித்த கையை விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே கார்குழலி செட்டித்தோட்டம் போனாள். உடைந்த ஜன்னலுக்கு அட்டை அடித்திருந்தார்கள். வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் அவளை ஏற இறங்கப் பார்த்து உள்ளே விட்டார். அன்பழகன் லுங்கியும் பனியனுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர், கால் வீங்கியிருந்தது. சபையில் கரை வேட்டியோடு பார்த்த ஆள்தானா என்று சந்தேகமாக இருந்தது. அவர் மனைவி செல்வாம்பாள் காபியைக் கொண்டுவந்து, முகம் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

“சின்னப்பொண்ணு வந்தாங்களா உங்ககிட்ட?” என்று அவரே கேட்டார்.

“வந்தாங்க சார்.”

“சொல்லாதன்னு சொல்லியிருந்தேன். கேக்கல. எழுதிடாதீங்கம்மா. அந்தப் பொண்ணு பேரு வெளிய வரவே கூடாது.”

“வராது சார். ஆனா ஊரே உங்கள துரோகின்னு சொல்லுது. மனசுக்குக் கஷ்டமா இருந்தது. அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அன்பழகன் காபியை ஆற்றினார். ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“கஷ்டப்படாதீங்கம்மா. நீங்க எழுதுனது தப்பில்ல” என்றார். “பொண்ணுக்கு ஆபத்து இல்லன்னு டாக்டரு காலையிலயே சொல்லிட்டாரு. ஓட்டெடுப்பு நடந்தது மத்தியானம். நடுவுல எவ்ளோ நேரம் இருந்தது! ஆஸ்பத்திரில இருந்து சட்டசபை இந்தா, கூப்பிடு தூரம். டிரைவரு ரெண்டு தடவ வந்து கேட்டான், போலாமாய்யான்னு.”

“அப்புறம் ஏன் சார் போகல?”

“கொறடா உத்தரவு போட்டிருந்தாரு, தீர்மானத்துக்கு எதிரா நிக்கணும்னு. எதிரா நின்னா என் தெருவுல நான் நடக்க முடியாது. ஆதரவா நின்னா பதவி போயிடும். அந்தப் பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தப்ப, யாராவது வந்து எழுப்பிடப் போறாங்களோன்னுதான் பயமா இருந்தது.” அவர் தன் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தப் பொண்ணு எனக்கு ஒரு சாக்கா ஆயிட்டாம்மா. உசுருக்குப் போராடுன பொண்ண நான் சாக்கா வெச்சிக்கிட்டேன்.”

கார்குழலிக்கு இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தோம் என்றிருந்தது.

“இத ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?”

“வேற யார்கிட்ட சொல்றது? நான் வந்தனா போனனான்னு என் கட்சில ஒருத்தன் பாக்கறது கிடையாது. கை தேவப்படறப்போ தேடுவானுங்க. நீங்க ஒருத்தர்தான் மேல உக்காந்துக்கினு தெனம் என் நாற்காலியப் பாத்தவங்க.” அவர் சிரிக்க முயன்றார். “எழுதறதுன்னா எழுதிக்குங்க. எழுதுனா கட்சி விடாது, எழுதலன்னா ஜனம் விடாது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், அலுத்துப்போச்சு.”

அவள் எழுதவில்லை. ஓட்டுக்குப் பயந்து ஒளிந்தார் என்று எழுதினால், எங்கே ஒளிந்தார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியை இழுத்துக்கொண்டு போனால் அது கலைவாணியின் கட்டிலில் போய் நிற்கும். போட்ட வரி போட்டபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டால் தானாக ஓய்ந்துவிடும் என்று நம்பினாள்.

ஓயவில்லை. ஒரு வாரம் கழித்துச் சின்னப்பொண்ணு தெருக்குழாயடியில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னாளாம், “அன்னிக்கு எனக்குத்தான் நெஞ்சுவலி. எம்மெல்லேதான் என்னத் தூக்கிக்கினு போனாரு. நான் பொழைக்கிற வரைக்கும் கூடவே இருந்தாரு” என்று. அவர் பட்ட அவமானத்தை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகளையும் காப்பாற்றி, அவரையும் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது. யாரோ அதைப் போனில் படம்பிடித்து அனுப்பிவிட்டார்கள். கட்சிக்காரர்கள் விடுவார்களா! ‘உயிர் காத்த உத்தமர்’ என்று மில் லைன் முனையில் பேனர் எழுந்தது. கல் எறிந்த தெருவே மாலையோடு போய் நின்றது. அன்பழகன் ஒன்றும் சொல்லாமல் கழுத்தை நீட்டினார்.

கோபம் எங்கேயாவது போய் இறங்க வேண்டுமே. அது ஜெராக்ஸ் கடை மாடிக்கு வந்தது. போனை எடுத்தாலே வசவு. “ஒரு உசுரக் காப்பாத்துன மனுஷன அசிங்கப்படுத்துனியே, நீ பொம்பளதானா?” என்று முகம் தெரியாத ஒருத்தி கேட்டாள். கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து, “எனக்கு அரசியல் வாணாம்மா, வேற எடம் பாத்துக்குங்க” என்று கும்பிட்டார். சாமிக்கண்ணு பெரியவரைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தபோது அவள் வணக்கம் சொன்னாள். அவர் காது கேட்காதவர், கண் நன்றாகத் தெரிகிறவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

கோபிநாத்தால் தாங்க முடியவில்லை.

“அக்கா, நெஞ்சுவலின்னு அந்தம்மா சொல்றது எனக்கு நம்பிக்கையா இல்ல. ஆஸ்பத்திரில விசாரிச்சா ஒரு நாள்ல தெரிஞ்சிடும். பொய்யின்னா போட்டு ஒடைச்சிடலாம்.”

“விசாரிக்காத கோபி.”

“ஏன்?”

“விசாரிக்காத. அவ்ளோதான்.”

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “அன்னிக்கு அவர் வூட்டுக்குப் போனீங்களே, என்ன பேசுனாரு?”

“ஒண்ணும் பேசல. காபி குடுத்தாங்க, குடிச்சிட்டு வந்துட்டேன்.”

அவனிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கண்டுபிடித்தான், ஆனால் வேறு விதமாகக் கண்டுபிடித்தான். அவள் எதற்கோ விலைபோய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டான். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது சென்னையில் ஒரு யூடியூப் சேனலில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். இணையதளத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்திருந்தான். போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

“விட்டுத் தொலையேன் குழலி” என்றான் சிலம்பரசன். “ரெண்டு டியூஷன் எடுத்தா நிம்மதியா இருக்கலாம்.”

“விட்டுடலாம்தான்” என்றாள் அவள். ஆனால் விடவும் அவளுக்குத் தெம்பில்லை.

தை மாதத்தில் சின்னப்பொண்ணு அரியாங்குப்பத்துக்கே வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தாள். நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டாள். “உன்ன எல்லாரும் ஏசுனது எனக்குத் தெரியும். நீ வாயத் தொறக்கலியே, யம்மா. நீ கண்டிப்பா வரணும்” என்று மட்டும் சொன்னாள். கார்குழலி போனாள். சின்ன மண்டபம். மேடையில் கலைவாணி மாப்பிள்ளை சொன்ன எதற்கோ வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். கார்குழலி மொய்க் கவரை நீட்டியபோது யாரோ உறவுக்காரி என்று நினைத்து, “சாப்ட்டுப் போங்கக்கா” என்றாள். சின்னப்பொண்ணு கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தாள். பக்கத்து இலையில் அன்பழகன்.

பாயசம் வரும் வரை இருவரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவர் பாயசத்தை ஒதுக்கினார்.

“மில் நிலத்தத் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடறதுக்கு மாசி மாசம் மசோதா வருது. தெரியுமா?” என்றார் மெல்ல.

“கேள்விப்பட்டேன் சார். வருவீங்களா?”

“வர்றேம்மா. இந்தத் தடவ கண்டிப்பா வர்றேன்.”

வந்தார். மாசி மாதக் கூட்டத்தொடரில் மசோதா வந்த அன்று, மணியடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். மாடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மில் லைனிலிருந்து அன்று யாரும் வந்திருக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் ஏதோ ஒரு சண்டையில் வெளிநடப்புச் செய்துவிட்டதால் ஆளை எண்ணச் சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை. சபாநாயகர் மசோதாவின் பெயரை வேகமாக வாசித்து, ஏற்போர் ஆம் என்க, என்றார்.

கார்குழலி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். ஆளுங்கட்சி வரிசை மொத்தமும் ஒரே குரலில் ‘ஆம்’ என்றது. அந்தச் சத்தத்துக்குள் அன்பழகனின் குரல் இருந்ததா இல்லையா என்று பிரிக்க முடியவில்லை. அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்ததா என்பது துண்டுக்குப் பின்னால் போய்விட்டது. மறுப்போர் இல்லை என்க, என்றார் சபாநாயகர். சபை அமைதியாக இருந்தது. மசோதா நிறைவேறியது.

அவர் பெயருக்கு நேரே அவள் ‘வந்தார்’ என்று எழுதினாள். எப்படி வாக்களித்தார் என்ற இடத்தில் பேனா நின்றது. கீழே நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அன்பழகன் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலைத் தாங்கித் தாங்கி நடந்து போனார். இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை.

“சபை முடிஞ்சிடுச்சும்மா, எழுந்திரிங்க. கதவு சாத்தணும்” என்றார் காவலர்.

“இதோ” என்று அவள் அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு எழுந்தாள்.